ஒரு நகல் போனால் தாங்காத மரபணுக்களைக் கணினியால் இனம்காண்பது: புதியவர்களுக்கான வழிகாட்டி

பெரும்பாலான மரபணுக்கள் நம் உடலில் இரண்டு நகல்களாக இருக்கின்றன. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஒன்று கெட்டுப்போனாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும் என்பது பொது விதி. நலமாக வாழும் மனிதர் ஒவ்வொருவரிடமும் புரத உற்பத்தியை முடக்கும் பிறழ்வுகள் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. அவற்றோடுதான் நாம் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் இந்த விதிக்குக் கட்டுப்படாத மரபணுக்களும் உண்டு. பாக்ஸ்6 மரபணுவில் ஒரு நகல் போனால் கண்ணின் ஐரிஸ் திரை சரியாக உருவாவதில்லை. எஸ்சிஎன்1ஏ-இல் ஒரு நகல் போனால் குழந்தைக்கு முதல் வயதிலேயே கடுமையான வலிப்பு தொடங்கலாம். டிராவே நோய் என்பது அதன் பெயர். எலாஸ்டின் மரபணுவில் ஒரு நகல் போனால் மகாதமனி குறுகுகிறது. மீதமிருக்கும் நகல் முழு நலத்தோடு வேலை செய்தும், பாதி அளவுப் புரதம் போதவில்லை. இந்தப் போதாமையைத்தான் ஹாப்லோஇன்சஃபிஷியன்சி என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ‘ஒற்றை நகல் போதாமை’ என்றே எழுதுகிறேன்.

மனிதரின் புரத மரபணுக்கள் ஏறத்தாழ இருபதாயிரம். ஒரு நோயாளிக் குழந்தையின் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது, அதில் முப்பது மரபணுக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எதைச் சந்தேகிப்பது? ஒவ்வொன்றையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து முடிக்க ஆண்டுகள் ஆகும். இங்கேதான் கணினி முறைகள் கைகொடுக்கின்றன. பைத்தான் அல்லது ஆர் மொழியில் ஓர் அட்டவணையைத் திறந்து வடிகட்டத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். முதல் இரண்டு படிகளுக்கு விரிதாள் மென்பொருளே போதும்.

முதலில் அடிப்படை எண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்தத் துறையின் அளவீடுகள் பலவும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: இங்கே இருந்திருக்க வேண்டிய மனிதர்கள் யார் காணவில்லை?

டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது பிழைகள் எல்லா மரபணுவிலும் விழுகின்றன. எந்த எழுத்தில் எவ்வளவு எளிதாக விழும் என்பது அக்கம்பக்கத்து எழுத்துகளைப் பொறுத்தது. ‘சி’ என்ற எழுத்துக்குப் பின் ‘ஜி’ வரும் இடங்களில், அதுவும் அந்த ‘சி’ மெத்தில் என்ற சிறு வேதிக் குழு ஏறியதாக இருந்தால், பிழை மற்ற இடங்களைவிடப் பத்து மடங்கு அளவில் கூடுகிறது. மூன்றெழுத்துச் சூழலை வைத்து இப்படிக் கணக்கிடும் மாதிரியை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு செம்மைப்படுத்தியது. அதைக் கொண்டு, இயற்கைத் தேர்வு தலையிடாதிருந்தால் இத்தனை லட்சம் பேரில் இந்த மரபணுவில் எத்தனை செயலிழப்புப் பிறழ்வுகள் (புரத உற்பத்தியை முடக்குபவை) தென்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பு எண் ஒன்றைப் பெறலாம். பிறகு உண்மையில் எத்தனை தென்பட்டன என்று எண்ண வேண்டும். நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருந்தால், மீதிப் பிறழ்வுகளைச் சுமந்தவர்கள் பிறக்கவில்லை, அல்லது பிள்ளை பெறும் வயது வரை நலமாக வாழவில்லை, அல்லது ஆய்வில் சேரும் நிலையில் இல்லை என்று பொருள்.

இதை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் அளப்பது இயற்கைத் தேர்வின் அழுத்தத்தை. ஒற்றை நகல் போதாமையை அவை நேரடியாக அளப்பதில்லை. இந்த வேறுபாட்டை மறந்ததால் விளைந்த தவறான முடிவுகள் கொஞ்சமல்ல.

அட்டவணையை இறக்கி, எதிர்பார்ப்பு எண்ணைப் பாருங்கள்

நோமாட் என்ற பொதுத் தரவுத்தளம் இதற்கான அட்டவணையை இலவசமாகத் தருகிறது. அதன் முன்னோடியான எக்ஸாக் 2016-இல் 60,706 பேரின் எக்ஸோம் (மரபுத்தொகுதியில் புரதத்துக்கான பகுதிகள் மட்டும்) தரவோடு வெளிவந்தது. 2020-இல் விரிவான கட்டுரையோடு வந்த நோமாட்டின் இரண்டாம் பதிப்பில் 1,25,748 எக்ஸோம்களும் 15,708 முழு மரபுத்தொகுதிகளும் இருந்தன. 2023 இறுதியில் வந்த நான்காம் பதிப்பில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அட்டவணையைத் திறந்ததும் ஒரே மரபணுவுக்குப் பல வரிகள் இருப்பதைக் காண்பீர்கள். ஒவ்வொரு டிரான்ஸ்கிரிப்டுக்கும், அதாவது அந்த மரபணுவிலிருந்து உருவாகும் ஒவ்வொரு ஆர்என்ஏ வடிவத்துக்கும், ஒரு வரி. மரபணுவின் பிரதிநிதி வடிவமாகத் தேர்ந்தெடுத்து மேன் செலக்ட் என்று குறிக்கப்பட்ட டிரான்ஸ்கிரிப்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். இதைச் செய்யாமல் சராசரி எடுத்தால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் கோணும்.

அடுத்து, செயலிழப்புப் பிறழ்வுகளுக்கான ‘கண்டது’, ‘எதிர்பார்த்தது’ என்ற இரண்டு நிரல்களைத் தேடுங்கள். புதியவர்கள் நேராக இறுதி மதிப்பெண்ணுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே போகும் முன் எதிர்பார்ப்பு எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கணக்கிலேயே காட்டிவிடலாம்.

மரபணு அ: எதிர்பார்த்தது 40, கண்டது 2. விகிதம் 0.05. மரபணு ஆ: எதிர்பார்த்தது 4, கண்டது 0. விகிதம் 0. விகிதத்தை மட்டும் பார்த்தால் ஆ-தான் அதிக ஆபத்தானது போலத் தோன்றும். இப்போது அரிய நிகழ்வுகளை எண்ணும்போது பயன்படும் பாய்சான் பரவலின்படி 90 சதவீத நம்பக இடைவெளியின் மேல் எல்லையைப் போடுங்கள். இரண்டு கண்ட இடத்தில் உண்மைச் சராசரி 6.3 வரை இருந்திருக்கலாம், 6.3-ஐ 40-ஆல் வகுத்தால் 0.16. ஒன்றுமே காணாத இடத்திலும் உண்மைச் சராசரி 3 வரை இருந்திருக்கலாம். 3-ஐ 4-ஆல் வகுத்தால் 0.75. அதாவது, அ பற்றி நமக்கு வலுவான சான்று இருக்கிறது. ஆ பற்றிச் சொல்லத் தரவு போதாது. நான்கு சீட்டில் ஒன்றும் விழாதது தற்செயலாகவும் இருக்கலாம்.

இந்த மேல் எல்லைதான் லோயுஃப் (எல்-ஓ-இ-யு-எஃப்) என்ற அளவீடு. குறைவாக இருந்தால் மரபணு இழப்பைத் தாங்காது என்று பொருள். இரண்டாம் பதிப்பில் 0.35-க்குக் கீழ் என்பது வழக்கமான எல்லைக்கோடு. மேலே செய்த கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 3-ஐ 0.35-ஆல் வகுத்தால் 8.6. எதிர்பார்ப்பு எண் ஒன்பதுக்குக் குறைவான மரபணுவில் ஒரு பிறழ்வுகூட இல்லாவிட்டாலும் அது இந்தக் கோட்டைத் தாண்டவே முடியாது. நீளம் குறைந்த மரபணுக்கள் பட்டியலில் வராமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணம். எனவே எதிர்பார்ப்பு எண் பத்துக்குக் கீழே உள்ள மரபணுக்களைத் தனிக் கோப்பில் எடுத்துவைத்து, ‘தெரியாது’ என்று பெயரிடுங்கள். ‘பாதுகாப்பானது’ என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். இந்த எண்ணிக்கையில் சேர்வது, ஆயிரத்தில் ஒரு நகலுக்கும் குறைவாகக் காணப்படும் தனித்தனிப் பிறழ்வுகள். அவற்றைச் சுமக்கும் ஆட்களின் எண்ணிக்கை அல்ல. அவற்றிலும் ஒற்றை எழுத்து மாறிப் புரதத்தை முன்கூட்டியே நிறுத்துபவையும், எக்ஸான்கள் (மரபணுவில் இறுதி ஆர்என்ஏவில் சேரும் துண்டுகள்) இணையும் இடத்தை முறிப்பவையும் மட்டுமே கணக்கில் வருகின்றன. எழுத்துகள் சேர்ந்தோ விடுபட்டோ வாசிப்புச் சட்டகம் நகரும் பிறழ்வுகள் இதில் இல்லை; அவை எவ்வளவு விரைவாக நிகழும் என்பதற்கு அதே அளவு நம்பகமான மாதிரி இல்லாததே காரணம்.

புரதத்தின் அமைப்பை மாற்றாத பிறழ்வுகளுக்கும் அதே அட்டவணையில் கண்டதும் எதிர்பார்த்ததும் தரப்பட்டிருக்கும். அந்த விகிதம் 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதுவே வெகுவாக விலகியிருந்தால் கோளாறு மரபணுவில் இல்லை, தரவில் இருக்கிறது. அந்த வரியை ஒதுக்கிவிடுங்கள்.

எந்த மதிப்பெண்ணை எடுப்பது?

எக்ஸாக் காலத்தில் பிரபலமானது பிஎல்ஐ. மரபணுக்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த வகையைச் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அது கணக்கிடுகிறது. இழப்பைப் பொருட்படுத்தாத வகையில் கண்டதும் எதிர்பார்த்ததும் சமம். இரு நகலும் போனால் மட்டும் நோய் தரும் வகையில் விகிதம் 0.463, ஒரு நகல் போனாலே தாங்காத வகையில் 0.089. பிஎல்ஐ 0.9-க்கு மேல் இருந்தால் மூன்றாம் வகை என்று கொள்வார்கள். எக்ஸாக்கில் 3,230 மரபணுக்கள் அப்படித் தேறின. பிஎல்ஐ மதிப்புகள் 0-இலும் 1-இலும் குவிந்துவிடும். எனவே 0.7-ஐ ‘ஓரளவு ஆபத்து’ என்று படிக்கக் கூடாது. அது ‘முடிவெடுக்க முடியவில்லை’ என்பதற்கு நெருக்கமானது. வரிசைப்படுத்த வேண்டுமானால் லோயுஃப்தான் ஏற்றது.

மூன்றாவதாக எஸ்-ஹெட். ஒரு நகல் கெட்டவர் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் வாரிசுகள் எவ்வளவு குறைகிறது என்பதை இது மதிப்பிடுகிறது. 0.1 என்றால் பத்து சதவீதக் குறைவு. பொருள் தெளிவாக இருப்பதால் எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது. 2024-இல் வெளியான ஜீன்பேய்ஸ் முறை, மரபணு எங்கே வெளிப்படுகிறது, எவ்வளவு மாறாமல் இருந்துவந்திருக்கிறது போன்ற தகவல்களையும் சேர்த்து எஸ்-ஹெட்டைக் கணிக்கிறது. ‘தெரியாது’ கோப்பில் ஒதுக்கிவைத்த குட்டி மரபணுக்களுக்கு இப்போது இதைப் பயன்படுத்துங்கள்.

எந்த அளவீட்டை எடுத்தாலும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நோமாட் நான்காம் பதிப்பில் லோயுஃப் எல்லைக்கோடு 0.35 அல்ல, 0.6. ஒரு பதிப்பின் எண்ணை மற்றொன்றின் கோட்டோடு ஒப்பிடுவது இன்று அடிக்கடி நடக்கும் பிழை.

எண்கள் எங்கே ஏமாற்றும்?

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். வடிகட்டிய பட்டியல் கையில் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் மரபணு மரபணுவாகப் பார்க்க வேண்டிய வேலை தொடங்குகிறது.

பிஆர்சிஏ1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் கெட்டிருந்தால் மார்பக, சூலகப் புற்றுநோய் அபாயம் பெருமளவு கூடுகிறது. ஆனால் அதன் பிஎல்ஐ பூஜ்யம். நோய் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய வயதில் வருவதால் இயற்கைத் தேர்வு அதை ஏறக்குறைய கண்டுகொள்வதில்லை. தேர்வின் கண்ணில் படாத நோயை இந்த முறையாலும் பார்க்க முடியாது. வயதான பிறகு வரும் நோய்களில் ஆர்வமுள்ளவர்கள் இதை முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏஎஸ்எக்ஸ்எல்1, டிஎன்எம்டி3ஏ, டெட்2 ஆகியவற்றில் வேறொரு சிக்கல். தரவுத்தளத்தில் உள்ள டிஎன்ஏ பெரும்பாலும் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. வயதாக ஆக, இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களில் இந்த மரபணுக்களில் பிறழ்வு விழுந்த செல் மற்றவற்றை முந்திப் பெருகுகிறது. பிறவியிலேயே இல்லாத பிறழ்வு, தரவில் பிறவிப் பிறழ்வு போலப் பதிவாகிறது. கண்ட எண்ணிக்கை செயற்கையாக ஏறுகிறது. ஆபத்தான மரபணு சாதுவாகத் தெரிகிறது. கண்டுபிடிக்க வழி உண்டு: சுமப்பவர்களின் வயதைப் பாருங்கள், பிறழ்ந்த எழுத்தைக் காட்டும் வாசிப்புகள் (கருவி படித்த டிஎன்ஏ துண்டுகள்) பாதிக்கு வெகுவாகக் குறைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்தது, பிறழ்வு மரபணுவின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. புரதத்தை முன்கூட்டியே நிறுத்தும் பிறழ்வு வந்தால், அந்தத் தூதுவர் ஆர்என்ஏவை செல் பொதுவாக அழித்துவிடும். ஆனால் பிறழ்வு கடைசி எக்ஸானிலோ, அதற்கு முந்தைய எக்ஸானின் கடைசி 50, 55 எழுத்துகளுக்குள்ளோ இருந்தால் பெரும்பாலும் அழிவிலிருந்து தப்பிவிடும். அப்போது உருவாகும் குட்டைப் புரதம் முழுதாகவே வேலை செய்யலாம். நல்ல நகலின் புரதத்தையும் கெடுக்கலாம். இரண்டுமே ஒற்றை நகல் போதாமை அல்ல. லாஃப்டி என்ற மென்பொருள் இத்தகைய ஐயத்துக்குரிய பிறழ்வுகளை வடிகட்ட உதவுகிறது. அந்த எக்ஸான் நீங்கள் கவலைப்படும் திசுவில் உண்மையிலேயே பயன்படுகிறதா என்பதையும் நோமாட்டின் டிரான்ஸ்கிரிப்ட் வெளிப்பாட்டு வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக்களைத் தனியாக வையுங்கள். ஆண்களுக்கு அங்கே ஒரே நகல்தான். எனவே எண்கள் குறைந்திருப்பதற்கு அந்த ஒரே நகலின் இழப்பே போதிய காரணமாகலாம். மரபுத்தொகுதியில் இரட்டித்த பகுதிகளில் உள்ள மரபணுக்களையும் சந்தேகத்தோடு அணுகுங்கள். வாசிப்புகள் எந்தப் பிரதியைச் சேர்ந்தவை என்று மென்பொருளுக்கே குழப்பம் வரும் இடம் அது.

வேறு திசையிலிருந்து ஒரு சான்று

ஒற்றை எழுத்துப் பிறழ்வுகளை எண்ணியது போதாது. முழு நகலுமே நீங்கியவர்களிடம் என்ன நடந்தது என்பதையும் கேட்க வேண்டும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு 9,50,278 பேரின் குரோமோசோம் துண்டு இழப்புகளையும் இரட்டிப்புகளையும் ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு மரபணுவுக்கும் பிஹாப்லோ, பிட்ரிப்லோ என்று இரு மதிப்பெண்கள் தந்தது. முதலாவது ஒரு நகல் குறைவதைப் பற்றியது, இரண்டாவது ஒரு நகல் கூடுவதைப் பற்றியது. பிஹாப்லோ 0.86-ஐ எட்டிய மரபணுக்கள் 2,987. உங்கள் பட்டியலோடு இந்த நிரலை இணைத்து, இரண்டும் முரண்படும் மரபணுக்களைக் கவனியுங்கள். லோயுஃபும் பிஹாப்லோவும் ஒத்துப்போகும் மரபணுவைவிட, ஒத்துப்போகாத மரபணுவே அதிகம் கற்றுத்தரும்.

கணிப்புகளுக்கு மேலே மனித நிபுணர்களின் தீர்ப்பும் உண்டு. கிளின்ஜென் அமைப்பு வெளியான நோயாளிச் சான்றுகளை ஒவ்வொன்றாகப் படித்து மரபணுக்களுக்கு மதிப்பெண் இடுகிறது. 3 என்றால் போதிய சான்று இருக்கிறது. 0 என்றால் சான்று இல்லை. 30 என்றால் இரு நகலும் போனால்தான் நோய். 40 என்றால் ஒற்றை நகல் இழப்பு பாதிக்க வாய்ப்பில்லை. இவை தரவரிசை எண்கள் அல்ல, குறியீடுகள். கணினியில் அப்படியே சராசரி எடுத்துவிடாதீர்கள்.

சொந்த மாதிரி கட்ட விரும்பினால்

2010-இல் வந்த ஒரு முன்னோடி ஆய்வின் வடிவம் இன்றும் பாடமாகக் கொள்ளத் தக்கது. அறியப்பட்ட 301 போதாமை மரபணுக்களை ஒரு பக்கமும், 8,458 நலமான மனிதர்களிடம் ஒரு நகல் நீங்கியும் தீங்கு தெரியாத 1,079 மரபணுக்களை மறுபக்கமும் வைத்துக் கணினியைப் பயிற்றுவித்தார்கள். பரிணாமத்தில் எவ்வளவு மாறாமல் இருந்தது, கருவளர்ச்சியில் வெளிப்படுகிறதா, அறியப்பட்ட போதாமை மரபணுக்களோடு புரத வலையமைப்பில் எவ்வளவு நெருக்கம் என்பவை அதன் அடையாளங்கள். இன்று தொடங்கும் நீங்கள் கிளின்ஜென் 3 மரபணுக்களை ஒரு பக்கமாகவும், பொதுமக்களிடம் துண்டு இழப்பு காணப்படும் மரபணுக்களை மறுபக்கமாகவும் வைத்துக்கொள்ளலாம். முதலில் எளிய லாஜிஸ்டிக் ரிக்ரஷன், பிறகு ரேண்டம் ஃபாரஸ்ட். அதற்கு மேல் சிக்கலான மாதிரிக்குச் சில நூறு எடுத்துக்காட்டுகள் போதாது.

மாதிரியைக் காட்டிலும் சோதனை முறைதான் முக்கியம். பயிற்சித் தொகுப்பில் ஒரு மரபணுவும் சோதனைத் தொகுப்பில் அதன் உடன்பிறப்பு மரபணுவும் இருந்தால் மதிப்பெண் பொய்யாக உயரும். ஆகவே மரபணுக் குடும்பங்களை உடைக்காமல் பிரியுங்கள். வலையமைப்பு நெருக்கம் என்ற அடையாளத்தில் மறைமுகச் சார்பு உண்டு: அதிகம் ஆராயப்பட்ட மரபணுக்களுக்கே இணைப்புகளும் அதிகம், நோய்ப் பெயரும் அதிகம். நிபுணர்களே பிஎல்ஐயைப் பார்த்துவிட்டுத் தீர்மானித்திருக்கக்கூடிய மரபணுக்களைக் கொண்டு பிஎல்ஐ சார்ந்த மாதிரியைச் சோதிப்பதும் வட்டத்தில் சுற்றுவதுதான்.

ஒரே சராசரித் துல்லிய எண்ணால் மயங்க வேண்டாம். போதாமை இல்லாத மரபணுக்கள் பதினாறாயிரம் என்று வைத்துக்கொண்டால், அவற்றில் ஐந்து சதவீதம் மட்டுமே தவறினாலும் பட்டியலில் 800 பொய்ப் பெயர்கள் ஏறிவிடும். உயர் மதிப்பெண் பெற்றவற்றில் எத்தனை மெய் என்ற கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்.

மாதிரி கண்ணில் காணாத சான்று ஒன்றும் உண்டு: பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய பிறழ்வுகள். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள், அவர்களது பெற்றோர் என 31,058 மூவர் குழுக்களை ஆராய்ந்த முடிவுகள் 2020-இல் வெளியாயின. உங்கள் மாதிரி முதலிடங்களில் வைத்த மரபணுக்களில் இத்தகைய புதிய செயலிழப்புப் பிறழ்வுகள் எதிர்பார்த்ததைவிட மிகுந்து விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் மாதிரி எதையோ உண்மையாகப் பிடித்திருக்கிறது.

நோயாளியின் கோப்புக்கு முன்னால்

ஏழாம் குரோமோசோமில் ஏறத்தாழ 15 முதல் 18 லட்சம் எழுத்துகள் நீங்குவதால் வருவது வில்லியம்ஸ் நோய். அந்தத் துண்டில் 25-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. இதய நாளக் கோளாறுக்குக் காரணம் எலாஸ்டின்தான் என்று உறுதியானது, எலாஸ்டின் மட்டும் கெட்டு, அதே தமனிக் குறுக்கம் கொண்ட குடும்பங்கள் 1993-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறியப்பட்டதால். மற்ற மரபணுக்கள் மற்ற அறிகுறிகளில் பங்கு பெறுகின்றன. கணினிப் பட்டியல் உங்களுக்குத் தருவது இத்தகைய குடும்பத்தை எங்கே தேடலாம் என்ற முன்னுரிமை வரிசையை. ஒரு மரபணுவின் லோயுஃப் குறைவு என்பதை மட்டும் வைத்து, இந்தக் குழந்தையின் நோய்க்கு இதுவே காரணம் என்று யாரும் அறிக்கை எழுதக் கூடாது. செயலிழப்புதான் அந்த மரபணுவில் நோய் தரும் வழி என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். நோமாட்டில் ஐரோப்பிய வம்சாவளியினர் அதிகம் என்பதால், மற்ற மக்களிடம் அரிதாக இருக்கும் பிறழ்வுகளைப் பற்றிய மௌனத்தையும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கைப்பழக்கத்துக்கு ஒரு பயிற்சி. கிளின்ஜென் 3 பெற்ற மரபணுக்கள் அனைத்தையும் எடுத்து, நோமாட் நான்காம் பதிப்பின் லோயுஃபோடு இணைத்து, பரவல் வரைபடம் போடுங்கள். பெரும்பாலானவை 0.6-க்குக் கீழே குவிந்திருக்கும். கோட்டுக்கு மேலே தங்கிவிட்டவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் காரணத்தை எழுதுங்கள்: எதிர்பார்ப்பு எண் குறைவா, நோய் வயதான பின் வருவதா, இரத்த செல்களின் கைவரிசையா, கடைசி எக்ஸான் பிறழ்வுகளா, தரவுக் கோளாறா. காரணம் எதுவும் பொருந்தாத மரபணுக்கள் சில மிஞ்சும். அவற்றின் மூல நோயாளி அறிக்கைகளைத் தேடி எடுத்து, முதல் அறிக்கையிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.